கானாடுகாத்தானில் ஒரு சிக்கன விடுதி

செட்டிநாட்டில் பாரம்பரிய விடுதிகளுக்குக் குறைவில்லை என்றாலும், அவற்றின் ஓர் இரவுக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாவதில்லை. அதனால் பலரும் வீடுகளை வாசலோடு பார்த்துவிட்டு, அன்று மாலையே மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ திரும்பிவிடுகிறார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இலேயே இடம்பெற்ற ஊர்களுக்கு இது பெரிய இழப்பு. இக்குறையைப் போக்க முனைந்திருக்கும் கானாடுகாத்தான் விடுதி ஒன்றில் குடும்பத்துடன் தங்கினோம்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடொன்றின் வளவை, அதாவது உள்முற்றப் பகுதியை, மட்டும் விருந்தினருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள அறைகள், மணமான மகன்கள் ஒவ்வொருவருக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், பொருள்களைப் பத்திரப்படுத்தக் கட்டப்பட்டவை என்பதால், சிறியவை; கதவைச் சாத்தினால் புழுங்குகின்றன. இதற்குக் குளிர்சாதனத்தை நாடாமல், பெட்டிகளை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, முற்றத்தையொட்டிய தாழ்வாரத்தில் மெத்தை விரித்துப் படுக்க வழிசெய்திருப்பது மிகச் சரியான முடிவு. தடித்த சுண்ணாம்புச் சுவர்களும், சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே இறுக வைக்கப்படும் ஆத்தங்குடித் தரைக்கற்களும் தரும் குளிர்ச்சியே போதுமானதாக இருந்தது. உடைந்திருந்த கற்களுக்கு மாற்றாகப் பளபளப்பான கடைச் சரக்கைப் பதிக்காமல், ஆத்தங்குடியிலிருந்தே வருவித்துப் பதித்திருக்கிறார்கள். பூவேலைப்பாட்டின் சிவப்பு மட்டும் சற்றுப் புதிதாகத் தெரிகிறது.

காலை உணவுக்கு இட்லியும் கோசமல்லியும். கத்தரிக்காய் நன்கு மசிந்து, புளிப்பு அளவாக இருந்தது.

கழிப்பறைதான் பெருங்குறை. அது கொல்லைப்புறத்தில், மங்கலான ஒற்றை விளக்கின் கீழ் இருக்கிறது. உள்ளே ஒன்று கட்டக் கூடாதா என்று கேட்டபோது, வீடு பங்காளிகள் அனைவருக்கும் பொதுவானது, சுவரை உடைத்துக் குழாய் பதிக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும், அவர்களில் சிலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்றார் நிர்வாகி. இப்பகுதியில் பல வீடுகள் பூட்டிக் கிடப்பதற்கும் இது ஒரு காரணம் என்பதால் அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் கொல்லைக்குச் செல்லும் வழியில் கைப்பிடியும் நல்ல வெளிச்சமும் அமைக்க எவர் சம்மதமும் தேவைப்படாது. புதிய கட்டில்களுக்குச் செலவிட்டதை முதலில் அதற்குச் செலவிட்டிருக்கலாம்.

இரவில் காரைக்குடியிலிருந்து வண்டி கிடைப்பது கடினம். வெளிச்சம் இருக்கும்போதே சென்றுசேர வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள், கழிப்பறை வசதி சீராகும்வரை காரைக்குடியிலேயே அறை எடுத்துக்கொள்வது நல்லது. மற்றவர்கள் தயங்காமல் இங்கே தங்கலாம்.