போர் தண்ணீரில் ஒரு செடித் தொட்டி: மூன்று கோடைக்குப் பிறகு

தண்ணீருக்குள் செடி வளர்க்கும் கண்ணாடி மீன் தொட்டி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 54 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் போக உள்ளே நிற்பது 45 லிட்டர் சொச்சம். சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட், ஹாலில் கடப்பா கல் அலமாரியின் கீழ்த்தட்டு. இந்தத் தொட்டி அங்கே மூன்று கோடையைத் தாண்டிவிட்டது. எந்தச் செடித் தொட்டியும் முதல் மாதத்தில் அழகாகத்தான் இருக்கும். நம்மூர்த் தண்ணீரும் கத்திரி வெயிலும் அதை என்ன செய்கின்றன என்பது பிறகுதான் தெரியவரும். அதனால் புதுசாக வைப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவலாம்.

முதலில் வாங்க வேண்டியது டிடிஎஸ் மீட்டர், அதாவது லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி. தொட்டி, செடி, விளக்கு எல்லாம் அதற்கு அப்புறம். எங்கள் கட்டடத்தில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. மழைக்காலத்தில் மீட்டர் சாதுவாக இருக்கும். ஏப்ரல் பிறந்ததும் போரை நம்பித்தான் பிழைப்பு. அப்போது 900-ஐ ஒட்டிக் காட்டும். இந்த எண்ணைப் பார்க்காமல் இணையத்தில் ஜப்பான் பாணித் தொட்டிப் படங்களைப் பார்த்துச் செடி வாங்குவது காசைத் தண்ணீரில் கரைக்கிற வேலை.

கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடைப் பையன் இதை எனக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். சிவப்பு ரொட்டாலா கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “வீட்ல போர் தண்ணியாக்கா? அப்ப இது நிக்காது. வேலிஸ் எடுத்துட்டுப் போங்க” என்றான். “அது புல்லு மாதிரி இருக்கே தம்பி” என்றேன். “அது பாட்டுக்கு வளரும்கா, நீங்க எதுவும் பண்ண வேணாம்.” விலை குறைந்த செடியை விற்பதற்காக வாடிக்கையாளரோடு வாதாடும் கடைக்காரரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அவன் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீருக்குள் செடிக்குக் கார்பன் கிடைப்பதுதான் கஷ்டம். ரொட்டாலா, மாஸ் போன்றவை தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை மட்டுமே நம்பியிருப்பவை. அவன் வேலிஸ் என்று சொன்ன வாலிஸ்நேரியா அப்படியில்லை, உப்புத் தண்ணீரில் ஏராளமாக இருக்கும் பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுத்துக்கொள்ளும். பள்ளியில் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக்குழாய் வைத்துக் குமிழி எண்ணிய ஹைட்ரில்லாவும் அந்த ரகம்தான். குளிக்கும்போது சோப்பு நுரைக்கவில்லையே என்று நாம் திட்டுகிற அதே தண்ணீரில் வேலிஸ் பக்கத்துக்குப் பக்கம் ஓடி முளைக்கிறது. இப்போது பின்பக்கக் கண்ணாடியே தெரியாத அளவுக்கு அடர்ந்து, நுனிகள் மேற்பரப்பில் மடிந்து கிடக்கின்றன. ஒரே எச்சரிக்கை: பாசியைக் கொல்ல விற்கிற ‘லிக்விட் கார்பன்’ பாட்டில்களில் பெரும்பாலும் குளுட்டரால்டிஹைடுதான் இருக்கும். அது பட்டால் வேலிஸ் கரைந்துவிடும்.

மற்ற செடிகளில் அனுபியாஸுக்கு முழு மதிப்பெண். கிழங்குத்தண்டை மணலில் புதைக்காமல் கல்லில் நூலால் கட்டிவிட்டால் போதும், தானே பிடித்துக்கொள்ளும். இலங்கைக்காரியான கிரிப்டோகோரைன் வென்ட்டி, வந்த புதிதில் இலைகளையெல்லாம் கூழாக்கி உதிர்த்தது. வேரை அசைக்காமல் விட்டுவைத்ததில் இரண்டு மாதத்துக்குள் புது இலை விட்டது. கடையில் தண்ணீருக்கு வெளியே வளர்த்த செடியை மூழ்கடித்தால் பழைய இலை போய்ப் புது இலை வரும். இறந்துவிட்டது என்று பிடுங்கி எறிய வேண்டாம். ஜாவா ஃபெர்ன் பரவாயில்லை ரகம். ஜாவா மாஸ் மார்கழியில் பச்சைப் பட்டு, மே மாதத்தில் பழுப்பு நார். வருஷா வருஷம் இதே கதைதான்.

அடித்தளத்துக்குக் கழுவிய ஆற்று மணல், ஆங்காங்கே வேருக்கான உர மாத்திரை. எம்-சாண்ட் வேண்டாம்: முனை கூர்மை, தூசியோ எத்தனை முறை கழுவினாலும் அடங்காது. கடற்கரை மணலில் சிப்பித் தூள் இருப்பதால் கடினத்தன்மை இன்னும் ஏறும். வெளிநாட்டு அக்வா சாயில் மூட்டைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அந்த மண் தண்ணீரின் கடினத்தன்மையை உறிஞ்சி மென்மையாக்கும், உண்மைதான். ஆனால் 900 டிடிஎஸ் தண்ணீரை வாரா வாரம் ஊற்றினால் அந்தச் சக்தி சில மாதங்களில் தீர்ந்துவிடும். அப்புறம் அது விலை உயர்ந்த களிமண் உருண்டை, அவ்வளவுதான்.

கோடைக்கு வருவோம், இந்த ஊரில் விஷயமே அதுதான். ஹீட்டர் என்ற பொருளை மறந்துவிடலாம். மே மாதம் மத்தியானம் ஹாலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 32-ல் 7.3 தான். அதே நேரம் சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. மேற்பரப்பில் காற்றடிக்கும் சின்ன யுஎஸ்பி விசிறி இரண்டு மூன்று டிகிரி இறக்கிக் கொடுக்கும். இந்தத் தொட்டிக்காக வாங்கியதிலேயே கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது அந்த விசிறிதான்.

ஆனால் விசிறி குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். கத்திரியில் தினம் ஒரு லிட்டர் போகும். தண்ணீர் போகும், உப்பு போகாது. குறைந்த அளவைப் போர் தண்ணீராலேயே நிரப்பினால் வாரத்துக்கு 6,300 மில்லிகிராம் உப்பு கூடுதலாக உள்ளே இறங்குகிறது, அதாவது டிடிஎஸ் 140 ஏறுகிறது. வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினாலும் மாற்றுவது அதே தண்ணீர் என்பதால், கணக்குப் போட்டால் 1,200-ஐத் தாண்டித்தான் நிலைக்கும். ஆவியாகும் அளவை மட்டும் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டினால் இந்தச் சிக்கலே இல்லை. தினம் ஒரு சொம்பு, அவ்வளவுதான். ஆர்ஓ கழிவுக் குழாயிலிருந்து பிடிக்காதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது. ஆனால் தாமிரச் சுருளையும் அழுக்கையும் தொட்டு வருவது. இறால் இருக்கும் தொட்டியில் நான் ஊற்ற மாட்டேன்.

மெட்ரோ, லாரி தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் ஆன்டி குளோரின் சில சொட்டு, இல்லையென்றால் பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்தால் போதும். கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் மாநகராட்சிப் பெண் ஒருவர் தொட்டியை எட்டிப் பார்த்து, “மீனு இருக்கு, பரவால்ல” என்று விட்டுவிட்டு, பால்கனியில் இருந்த அந்தப் பக்கெட்டுக்குத்தான் என்னைக் காய்ச்சினார். நியாயம்தான். இப்போது அதன் மேல் மெல்லிய துணி கட்டுகிறேன்.

மீன்கள்: கப்பியும் செர்ரி இறாலும். கப்பிக்குக் கடினத் தண்ணீர் பிடித்தமானது, பெருகிக்கொண்டே போகும். எதிர் ஃப்ளாட் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். நியான் டெட்ராவுக்கு இந்தத் தண்ணீரும் பிடிக்காது, இந்தச் சூடும் பிடிக்காது. நெரைட் நத்தை கண்ணாடியில் பச்சைப் புள்ளிப் பாசியைத் துடைத்து வைத்தாற்போல் மேயும். பதிலுக்குக் கட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாக முட்டை ஒட்டிவைக்கும். நன்னீரில் அவை பொரிக்காது, ஆனால் சுரண்டினாலும் போகாது.

ஃபில்டர் சாதாரண ஸ்பாஞ்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, எங்கள் தெருவிலும்தான். பவர் பேங்கில் ஓடும் சின்ன ஏர் பம்பை இரவு முழுக்க ஓடவிட்டு, பகலில் நிறுத்தி வைத்தேன். பகல் வெளிச்சத்தில் செடிகளே ஆக்சிஜன் தரும். இருட்டில் அவையும் மீனோடு போட்டி போட்டு இழுக்கும், அதனால் விடியற்காலைதான் கண்டம். கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், நெடுநேரம் நின்றுபோனதை உள்ளே கழுவாமல் மறுபடி ஓடவிடக் கூடாது. மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து அழுகிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வந்துவிடும்.

விளக்கு 18 வாட் எல்இடி, தினம் ஏழு மணி நேரம். அதற்கு மேல் போனால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். திருகிவிடும் டைமர் இந்த ஊருக்கு ஒத்துவராது. கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் அத்தனை நேரம் பின்தங்கி, மாதக் கடைசியில் ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலில் பகல் வெளிச்சம். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். விளக்கு, ஏர் பம்பு இரண்டும் சேர்த்து இரண்டு மாத ஈபி பில்லில் சுமார் 15 யூனிட்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் நான் வைக்கவில்லை. சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த பாட்டில் நம் வெயிலில் முதல் சில நாள் பொங்கிவிட்டு அடங்கிவிடுகிறது. மேலே சொன்ன செடிகளோடு திருப்தி என்றால் இந்தச் செலவே தேவையில்லை. சிவப்புச் செடிதான் வேண்டும் என்பவர்கள் சிலிண்டருக்கு முன்னால் ஆர்ஓ தண்ணீருக்கு வழி பார்க்கட்டும்.

தொட்டியைப் பெரிதாக்கும் எண்ணம் உண்டா என்று தங்கை கேட்டாள். மூன்றடிக்கு ஒன்றரை, ஒன்றரை என்றால் 190 லிட்டர். 30 சதவீதம் மாற்ற வாரம் நான்கு பக்கெட் சுமக்க வேண்டும், ஆர்ஓ தண்ணீரும் தினம் இரண்டு லிட்டருக்கு மேல் போகும். மணல், கல் எல்லாம் சேர்ந்தால் எடை 250 கிலோவைத் தாண்டும். கடப்பா தாங்காது, தனி ஸ்டாண்டு வேண்டும். இப்போதைக்கு இரண்டடியே போதும் என்று சொல்லிவிட்டேன். வேலிஸ் கன்று ஒரு கட்டு அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் வீடு பெரம்பூரில், பெரும்பாலும் மெட்ரோ தண்ணீர்தான். அங்கே எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.