டாஷ்போட் மினுங்குதா? போத்தலைக் காட்டச் சொல்லுங்கள்

பில்லில் "நனோ யூ.வி. கோட்டிங் - இன்டீரியர்" என்று தனி வரி, அதாவது காரின் உட்புறத்தை வெயிலிலிருந்து காக்கும் பூச்சு; அதற்குத் தனிக் காசு. காருக்குள் அடித்ததோ டயருக்கு அடிக்கும் எண்ணெய். வெள்ளவத்தையில் ஓடும் ஒரு ஹைபிரிட் காருக்கு நடந்தது இது. கழுவிய இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைவிட, வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் அடுத்தவருக்குப் பிரயோசனம்.

கார் கைக்கு வந்தபோது டாஷ்போட் ஈரமாக மினுங்கியது. வெயிலில் நிறுத்தி எடுத்தபோது முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் விரலால் பெயர் எழுதக்கூடிய அளவுக்கு எண்ணெய்ப் படலம். ஸ்டியரிங் வழுக்கியது. சாரதிக் கதவிலுள்ள கண்ணாடி சுவிட்ச் அழுத்தினால் திரும்பி எழும்பவில்லை. டாஷ்போட்டில் வெள்ளை டிஷ்யூ ஒன்றை அழுத்தி எடுத்தால் பழுப்பு நிறத் தடம். தூசியைத் துடைக்காமலே மேலே பூசிவிட்டார்கள் என்பதற்கு அந்தப் பழுப்பே சாட்சி. என்ன அடித்தீர்கள் என்று உரிமையாளர் கேட்டபோது கொண்டுவந்து காட்டியது லேபல் இல்லாத ஒரு ஸ்ப்ரே போத்தல். கேனிலிருந்து ஊற்றியது, நிறமில்லை, மண்ணெண்ணெய் வாடை.

உட்புறத்துக்குப் பூசும் திரவங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. பால் நிறத்தில் இருக்கும், வாடை குறைவு. மற்றது பெற்றோலியக் கரைப்பானில் சிலிக்கோன் எண்ணெயைக் கலந்தது. தெளிவாக, பிசுபிசுப்பாக இருக்கும். இரண்டாவது டயருக்கும் வெளி றப்பருக்கும் உரியது. மலிவு, அடித்தவுடன் பளபளக்கும், அழுக்கை மறைக்கும். ஒரு மணித்தியால வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். உள்ளே அதை அடிப்பதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை.

சிலிக்கோன் என்றாலே கெடுதல் என்று பலர் சொல்வது சரியல்ல. சிலிக்கோன் எண்ணெய் பிளாஸ்டிக்கோடு இலகுவில் வினைபுரியாது. கெடுப்பது அதைச் சுமந்து வரும் கரைப்பான்தான். டாஷ்போட்டின் மென்மையான மேற்தோல் பல கார்களில் பி.வி.சி. அது மென்மையாக இருப்பதே உள்ளே கலந்திருக்கும் பிளாஸ்டிசைசரால். கரைப்பான் அதை இளக்கி வெளியே இழுக்கிறது. திரும்பத் திரும்பப் பூசினால் தோல் இறுகி, சுருங்கி, எயார்பேக் மூடியின் ஓரத்திலும் ஏ.சி. துவாரங்களின் மூலையிலும் வெடிக்கத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போட் 70 பாகை செல்சியஸைத் தொடக்கூடியது. அந்தச் சூட்டில் கரைப்பானும் இலேசான எண்ணெய்களும் ஆவியாகிக் கண்ணாடியில் போய்ப் படிகின்றன. பகலில் அது பெரிதாகத் தெரியாது. இரவு மழையில் எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் பட்டால் முழுக் கண்ணாடியும் வெள்ளையாகிவிடும்.

மினுக்கமும் ஒரு ஆபத்துதான். மாலையில் பத்தரமுல்லைப் பக்கமிருந்து கொழும்புக்குள் வருபவருக்குச் சூரியன் நேர் முன்னால். பளபளக்கும் டாஷ்போட் அந்த வெளிச்சத்தைக் கண்ணாடியில் திருப்பி அடிக்கும். டொயோட்டாவின் பாவனையாளர் கைநூல்களில் இதே காரணத்தைச் சொல்லி டாஷ்போட்டுக்கு பொலிஷ் மெழுகு வேண்டாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உற்பத்தியாளர் வேண்டுமென்றே மங்கலாகச் செய்த பரப்பைக் காசு கொடுத்து மினுக்குகிறோம்! சரியாகப் பராமரித்த டாஷ்போட் காய்ந்து, மங்கலாக, தொட்டால் எதுவும் ஒட்டாமல் இருக்கும்.

எந்த நல்ல திரவமாக இருந்தாலும் ஸ்டியரிங், கியர் பிடி, பிரேக் மற்றும் அக்சிலரேட்டர் பெடல், சீட் பெல்ட் ஆகியவற்றில் படவே கூடாது. பயணி பக்க எயார்பேக் மூடியை நனைக்காதீர்கள். பல கார்களில் அந்த இடத்தின் உட்பக்கம் கிழிவதற்கென்றே மெலிதாக்கப்பட்டிருக்கும். கரைப்பான் அங்கே பிளாஸ்டிக்கைப் பலவீனமாக்கினால் எயார்பேக் விரியும்போது துண்டுகள் தெறிக்கலாம். மீட்டர் மூடியும் திரையும் அக்ரிலிக் அல்லது பொலிகார்பனேட். கரைப்பானும் அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் அவற்றில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். இவற்றுக்குச் சற்று ஈரமான மைக்ரோஃபைபர் துணி மட்டும் போதும்.

லெதர் சீட் தனிக் கதை. இன்றைய கார் லெதரின் மேல் பொலியூரித்தேன் பூச்சு இருக்கிறது. எண்ணெய் உள்ளே போகாது, மேலே தங்கித் தூசியைப் பிடிக்கும், தையல் நூலைக் கறுப்பாக்கும், துளைபோட்ட சீட்டில் துளைகளை அடைக்கும். தேங்காயெண்ணெய் பூசுபவர்களும் இருக்கிறார்கள். நாளடைவில் சிக்கு வாடை, பிறகு எறும்பு.

போத்தலைக் கையில் வாங்கினால் முதலில் லேபலைப் பாருங்கள். தீச்சுவாலைக் குறியோ, பெற்றோலிய வடிப்பு (petroleum distillate) என்ற சொல்லோ இருந்தால் உள்ளே வேண்டாம். அடுத்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் சில துளி விடுங்கள். தண்ணீர்வகை கலந்து வெண்மையாகும், கரைப்பான் வகை மேலே எண்ணெயாக மிதக்கும். ரெஜிஃபோம் (பொதிகளில் வரும் வெள்ளைப் பொலிஸ்டைரீன் நுரை) துண்டில் ஒரு துளி விட்டு அது உருகினால் டொலுயீன், சைலீன் போன்ற கடுமையான கரைப்பான்கள் இருக்கக்கூடும், உடனே மூடி வையுங்கள். உருகாவிட்டால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. மண்ணெண்ணெய் இனக் கரைப்பான்கள் பல ரெஜிஃபோமை உடனே உருக்காது.

ஏற்கெனவே அடித்துவிட்டார்களா? வண்டியை எடுக்கும் முன்பே பெடல்களையும் ஸ்டியரிங்கையும் துடையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒரு லீற்றர் வெதுவெதுப்பான நீரில் 5 மில்லிலீற்றர் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் நிழலில் துடைக்க வேண்டும். சொரசொரப்பான பகுதிக்கு மென்மையான பிரஷ். பிறகு வெறும் நீர்த் துணியால் இரண்டு தடவை, கடைசியில் காய்ந்த துணி. டிஷ்யூவில் தடம் வருவது நிற்கும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். பெற்றோல், தின்னர் பக்கம் போகாதீர்கள். வெள்ளை மெலமைன் ஸ்பொஞ்சும் ஒருவகை அரத்தாள்தான், டாஷ்போட்டின் மேற்கோலத்தையே தேய்த்துவிடும். கண்ணாடிக்கு ஐசோப்ரோப்பைல் அல்கஹோலும் தண்ணீரும் சரிபாதி, இரண்டு துணி, துணியை அடிக்கடி திருப்பிப் பிடிக்க வேண்டும். டின்ட் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் அமோனியா சேர்ந்தது வேண்டாம். சுவிட்சுக்குள் போன எண்ணெயைத் துடைத்து எடுக்க முடியாது. ஒட்டோ எலக்ட்ரிஷியனிடம் கழற்றிச் சுத்தம் செய்விக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். 2000களில் வந்த சில ஜப்பானிய மொடல்களில் டாஷ்போட் சூட்டிலும் ஈரப்பதனிலும் தானாகவே இளகி, மினுங்கி, கையில் ஒட்டும். அது மூலப்பொருளின் குறை. கோட்டிங் அடித்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பகுதியை மாற்றுவது, அல்லது ஓர் உறை போடுவதுதான் வழி.

சரியான முறையில் பூசுவதற்கு அதிகம் தேவையில்லை. முதலில் வக்கூம், பிறகு மேலே சொன்னபடி துடைத்துக் காயவிடுவது. எஞ்சின் நிறுத்தி, நிழலில், பரப்பு கையால் தொடக்கூடிய சூட்டில் இருக்கும்போது, திரவத்தை டாஷ்போட்டில் அல்ல, துணியில் அடியுங்கள். முழு டாஷ்போட்டுக்கும் நாலைந்து அடி தாராளம். 303, ஆர்மர் ஆல் போன்ற பெயர்களில் விற்கும் தண்ணீர்வகைகளைப் பூசிவிட்டுத் தானாகக் காயட்டும் என்று விடக்கூடாது, இரண்டாவது காய்ந்த துணியால் முற்றாகத் துடைத்து எடுக்க வேண்டும். வாங்கும்போது மினுக்கம் தராத "மற்" (matte) வகையைக் கேளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை போதும். எவ்வளவு நல்ல திரவத்தைவிடவும் முன்கண்ணாடிக்கு வைக்கும் சன்ஷேட் கூடுதலாகப் பாதுகாக்கும். அதை எந்தக் கடையும் முதலில் சொல்லாது, லாபம் குறைவு.

கடையில் சாவியைக் கொடுக்கும்போதே "உள்ளுக்குக் கழுவி வக்கூம் மட்டும் செய்யுங்க அண்ணா, பொலிஷ் ஒண்டும் அடிக்க வேணாம்" என்று சொல்லி, பில்லிலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். கோட்டிங் வேண்டுமென்றால் திரவத்தின் பெயரைப் பில்லில் கேளுங்கள். பெயர் எழுத மறுக்கும் இடத்தில் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். ஏமாற்றப்பட்டால் அன்றைக்கே கண்ணாடிப் படலத்தையும் டிஷ்யூத் தடத்தையும் படம் எடுத்து, பில்லோடு முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பில் இல்லாமல் போனால் வழக்கு நிற்பது கஷ்டம்.

பின்னாளில் அந்தக் காரின் கதவுக்கோ பொனட்டுக்கோ பெயின்ட் அடிக்க நேர்ந்தால் பெயின்ட்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். சிலிக்கோன் பட்ட இடத்தில் புதுப் பெயின்ட் வட்டம் வட்டமாக விலகி மீன்கண் விழும். முதலில் மெழுகு நீக்கியால் துடைத்து, அதன் பிறகே அரத்தாள் போட வேண்டும். வரிசை மாறினால், அரத்தாள் போட்ட கீறல்களுக்குள் சிலிக்கோன் இறங்கிவிடும், முழு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.