சேலம் கடைவீதியில் ஒரு பொட்டலம் பச்சைச் சாயம்

அம்மாவின் கரும்பச்சைப் பருத்திச் சேலை வெளிறிப் பாசி நிறத்துக்கு வந்திருந்தது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குள் அதற்குச் சாயம் ஏற்றிக் கொடுத்துவிட எண்ணிச் சின்னக் கடைவீதிக்குப் போனேன். முதலில் நுழைந்த கடையில், டப்பாவிலிருந்து ஒரு கரண்டிப் பொடியை அள்ளிச் செய்தித்தாளில் மடித்து, "எல்லாத் துணிக்கும் புடிக்குங்க, கொதிக்கிற தண்ணியில உப்பப் போட்டு முக்குங்க" என்று நீட்டினார்கள். என்ன சாயம், எவ்வளவு துணிக்குக் காணும் என்று கேட்பதற்குள் கடைக்காரர் அடுத்தவரிடம் திரும்பிவிட்டார்.

நான் வாழும் இங்கிலாந்தின் லெஸ்டரில் 50 கிராம் கைச்சாயப் பொட்டலம் வாங்கினால், 250 கிராம் உலர்ந்த துணிக்கு 6 லிட்டர் வெதுவெதுப்பான நீர், 250 கிராம் உப்பு என்பதிலிருந்து, பாலியஸ்டர் இந்தச் சாயத்தை ஏற்காது என்பதுவரை உறையிலேயே அச்சிட்டிருக்கும். வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில், குகையிலும் அம்மாபேட்டையிலும் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு, பெயரில்லாத பொடியைக் கையில் வாங்கியது மிகுந்த வருத்தத்தைத் தந்தது. நல்லவேளையாகச் சேலையைத் தொடாமல் பழைய வேட்டிக் கிழிசல் ஒன்றில்தான் அதை முக்கிப் பார்த்தேன். மூன்றாவது அலசலில் பச்சை முழுவதும் நீரோடு போய்விட்டது. அது பருத்தி நூலோடு இறுகப் பிணையாத சாயமாகவோ, ஈரம் பட்டு வீரியம் போன பழைய சரக்காகவோ இருந்திருக்கலாம்.

மறுநாள் சேலையையே எடுத்துக்கொண்டு செவ்வாய்பேட்டைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் சாய டப்பாவைத் திறக்கவே இல்லை. சேலையை விரித்து, ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூலொன்றை இழுத்துத் தீக்குச்சியில் காட்டினார். நூல் சட்டென்று பற்றி எரிந்து, காகிதம் பொசுங்கும் வாசத்தோடு அணைந்தது. சாம்பலை என் விரலில் தேய்த்துவிட்டு, "மாவாட்டம் உதிருதா? சுத்தப் பருத்தி. பாலியஸ்டர் கலந்திருந்தா மணியாட்டம் உருண்டு கெட்டியா நிக்கும், இந்தச் சாயம் அதுல ஏறாது கண்ணு" என்றார். பிறகு ஃபால்ஸைத் தடவிப் பார்த்து, அதைத் தைத்த நூல் பாலியஸ்டர், பழைய நிறத்திலேயே நின்று கண்ணை உறுத்தும், ஆகையால் பிரித்துவிட்டு முக்குங்கள் என்றார். சாயம் போட்டபின் கவனித்து நான் நொந்துகொண்டிருக்கக்கூடிய விஷயம் அது. எந்த உறையிலும் இதுவரை நான் படித்ததில்லை.

சேலையைத் தராசில் வைத்தார், 480 கிராம் காட்டியது. சூடு அதிகம் தேவைப்படாத 'கோல்டு' (cold) பிராண்டு ரியாக்டிவ் சாயம், அதாவது நூலோடு வேதிமுறையில் பிணையும் சாயம், 20 கிராம், கல் உப்பு அரைக் கிலோ, சோடா ஆஷ் என்னும் காரப்பொடி 200 கிராம், தண்ணீர் 10 லிட்டர் என்று கணக்குச் சொன்னார். "உப்பு சாயத்தை நூலுக்குள்ள தள்ளும், சோடாதான் புடிச்சு வெக்கும், அதனால சோடாவக் கடைசியிலதான் போடணும்." கொதிநீர் தேவையில்லை, கை பொறுக்கும் சூடு போதும், அலுமினியப் பாத்திரம் ஆகாது, போர் தண்ணீரை விட்டுவிட்டு மேட்டூர்த் தண்ணீரில் போடுங்கள் என்றார். பிரிட்டனில் 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த வகைச் சாயத்தின் செய்முறையை அவர் ஒரு மூச்சில் ஒப்பித்ததைக் கேட்டு நெஞ்சு நிறைந்தது.

ஆனாலும் அவர் ஓடும் மின்விசிறிக்குக் கீழே, மூக்கை மூடாமல், அந்த மெல்லிய பொடியை அள்ளியதை என்னால் ஏற்க முடியவில்லை. மூச்சில் ஏறினால் ஒவ்வாமை உண்டாக்கும் பொடி அது. விசிறியை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். பொட்டலத்தின்மேல் சாயத்தின் பெயரையும் தேதியையும் எழுதித் தரக் கேட்டேன், பேனாவால் எழுதித் தந்தார். கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் பெயரில்லாப் பொட்டலமாகத்தான் வீட்டுக்கு வந்திருக்கும். சிறுபிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் சமையலறை அலமாரியில் சோடா ஆஷும் சாயப்பொடியும் பெயரில்லாமல் கிடப்பது சரியல்ல.

வீட்டில் அவர் சொன்னபடியே சேலையைச் சாயத்தில் முக்கி எடுத்தபின், அலசும் நீர் தெளிய எட்டு முறை அலச வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தபோதும், சிறுவயதில் நிறம் மாறி ஓடக் கண்ட திருமணிமுத்தாறு நினைவுக்கு வந்து கை தயங்கியது. மாலையில் நிழலில் உலர்ந்த சேலையின்மேல் அம்மா ஈரக் கைக்குட்டையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.