பழைய பிரிண்டருக்குப் பேரலல் போர்ட்: கேபிளா, கார்டா?

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அவ்வளவு சீக்கிரம் சாகாது. கம்ப்யூட்டர்தான் முதலில் போகும். புது மதர்போர்டு வந்ததும் பின்னால் திருப்பிப் பார்த்தால் பிரிண்டர் கேபிளைச் செருகும் 25 துளைப் பேரலல் போர்ட்டைக் காணோம். கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று நகல் எடுக்கும் கடைக்காரர் லேசருக்கு மாறவா போகிறார்? கடையில் கேட்டால் யூ.எஸ்.பி கேபிள், பி.சி.ஐ கார்டு, பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் கார்டு என்று மூன்றைக் காட்டுவார்கள். விலையைக் கேட்கும் முன், போர்ட்டோடு பேசப்போவது விண்டோஸா, இல்லை புரோகிராமே நேரடியாகவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் டிரைவர் வழியாக மட்டுமே பில் அடிப்பவர்களுக்கு யூ.எஸ்.பி கேபிளே போதும். மலிவு, பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். ஆனால் அதற்குக் கிடைப்பது 'யூ.எஸ்.பி 001' என்ற போர்ட். எல்.பி.டி 1-ஐ, அதாவது முதல் பேரலல் போர்ட்டை, தேடும் பழைய ஃபாக்ஸ்புரோ பில்லிங் புரோகிராம் அதைக் கண்டுகொள்ளாது. பிரிண்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்.பி.டி 1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் வேலை நடக்கும். கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி மெஷின், மெமரி சிப்பில் எழுதும் ஈப்ராம் புரோகிராமர், சாஃப்ட்வேர் பூட்டாக வரும் பழைய டாங்கிள் என்றால் கேபிள் பக்கமே போகாதீர்கள். அவை ஒவ்வொரு பின்னையும் தனித்தனியாக ஆட்டிப் பார்ப்பவை. கேபிளுக்குள் இருக்கும் சிப்புக்குப் பிரிண்டரிடம் பேச மட்டும்தான் தெரியும்.

பி.சி.ஐ, பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் இரண்டுக்கும் வேலையில் வித்தியாசமே இல்லை, மதர்போர்டில் எந்த ஸ்லாட் இருக்கிறதோ அதை வாங்குங்கள். பி.சி.ஐ கார்டுகளில் மாஸ்சிப் 9865 என்ற சிப் அதிகம் கண்ணில் படும். மாஸ்சிப் நம் ஹைதராபாத் கம்பெனி. அந்தச் சிப் வரிசை பிறகு தைவானின் ஏசிக்ஸ் கைக்குப் போனது. எக்ஸ்பிரஸில் மாஸ்சிப் 9900 வரிசை, சீனாவின் சி.எச். 382 இரண்டும் உண்டு. டிரைவர் போட்டதும் பெரும்பாலும் எல்.பி.டி 3 என்று வந்து நிற்கும். டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸுக்குப் போய் எல்.பி.டி 1 ஆக்கிவிடலாம்.

சிக்கல் முகவரியில்தான். மதர்போர்டிலேயே இருந்த பழைய போர்ட் ஹெக்ஸ் (16 அடிமான எண்) 378 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கும். கார்டுக்கோ பயாஸ் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) கொடுப்பதுதான் இடம், அது பெரும்பாலும் நாலு இலக்க எண். லினக்ஸ்-சி.என்.சி போல முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் புரோகிராம் என்றால் கவலையில்லை, விண்டோஸ் டிவைஸ் மேனேஜரின் ரிசோர்சஸ் பக்கத்திலோ, லினக்ஸில் 'lspci -v' கட்டளையிலோ தெரியும் எண்ணைக் கொடுத்தால் சரி. 378-ஐத் தவிர வேறெதையும் ஏற்காத புரோகிராமுக்கு எந்தக் கார்டும் உத்தரவாதம் இல்லை. சி.என்.சி ஓட்டும் விண்டோஸ் புரோகிராமான மாக் 3-இன் பேரலல் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. அதற்குக் கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடையில் காட்டாத நாலாவது வழி ஒன்று உண்டு, என் ஓட்டு அதற்குத்தான். இன்டெலின் எச் 61, எச் 81 சிப்செட் காலத்து மதர்போர்டுகள் பலவற்றின் ஓரத்தில் 'எல்.பி.டி' என்று எழுதி, ஒரு பின் மட்டும் இல்லாத இரட்டை வரிசை ஹெடர் நிற்கும். அதாவது போர்ட் உள்ளேயே இருக்கிறது, வெளியே கொண்டுவரத்தான் ஆளில்லை. பட்டை கேபிளோடு வரும் பிராக்கெட்டை அதில் செருகி, பயாஸில் பேரலல் போர்ட்டை ஆன் செய்தால் அசல் 378 முகவரியே கிடைக்கும், டிரைவர் தொல்லையும் இல்லை. பின்களின் வரிசை போர்டுக்குப் போர்டு மாறலாம் என்பதால் மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஹெடர் இல்லையென்றால் கார்டுதான். ஒல்லிக் கேபினட் வைத்திருப்பவர்கள் குட்டி பிராக்கெட்டும் கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.