ஹோம் ஜிம் காம்போ செட்: பெட்டியில் எழுதிய எடையும் தராசு காட்டிய எடையும்

“50 கிலோ ஹோம் ஜிம் காம்போ, மல்டி பெஞ்ச், ஸ்குவாட் ஸ்டாண்டுடன்” என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆர்டர் செய்த செட் இது. வந்த பொருளில் ஒன்றுகூடச் சொன்னபடி இல்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. இதே படத்தோடு, இதே வாசகங்களோடு, வேறு வேறு பெயர்களில் இந்த மாதிரி செட்டுகள் விற்பனையில் இருக்கின்றன. அதனால் எந்தப் பொருளில் என்ன குறை, அதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விவரமாக எழுதுகிறேன். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் எடைக் கணக்கு. விளம்பரத்தில் 50 கிலோ. வந்த பிளேட்டுகள்: 10 கிலோ இரண்டு, 5 கிலோ இரண்டு, 2.5 கிலோ நான்கு. பிளேட்டில் அச்சிட்டதைக் கூட்டினாலே 40 கிலோதான் வருகிறது. மீதி 10 கிலோ எங்கே என்று கேட்டால், “ராடு எல்லாம் சேர்த்துத்தான் சார் 50” என்று பதில். சரி, ராடையும் சேர்த்தே நிறுத்துப் பார்ப்போம். 10 கிலோ பிளேட்டுகள் 8.7, 9.2. ஐந்து கிலோ பிளேட்டுகள் 4.4, 4.6. இரண்டரை கிலோ நான்கும் சேர்ந்து 8.8. ஆக பிளேட் மொத்தம் 35.7 கிலோ. ஐந்தடி ராடு, மூன்றடி ராடு, டம்பெல் ராடு இரண்டு, எல்லாம் சேர்த்து 6.9. கூட்டினால் 42.6 கிலோ. அவர்கள் கணக்குப்படியே பார்த்தாலும் ஏழு கிலோவுக்கு மேல் குறைகிறது.

மொத்த எடை குறைவதைவிட மோசமானது, ஜோடிக்குள் இருக்கும் வித்தியாசம். 8.7 ஒரு பக்கம், 9.2 மறுபக்கம் போட்டால் ராடு அரை கிலோ ஒருபக்கமாக இழுக்கும். படுத்துக்கொண்டு ராடை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு கை முந்திக்கொண்டு ஏறும், மறு கை பின்தங்கும். புதிதாகத் தொடங்குபவர் அது தன் உடம்பின் குறை என்று நினைத்துக்கொள்வார்.

இதற்கு விற்றவர் சொன்ன சமாதானம், “5 சதவீதம் டாலரன்ஸ் உண்டு”, அதாவது அந்த அளவு ஏற்றத்தாழ்வு இருக்கலாமாம். 10 கிலோவில் 5 சதவீதம் என்றால் அரை கிலோ. அந்தக் கணக்கில் 9.5க்குக் கீழே போகவே கூடாது. இங்கே ஒன்றுகூட 9.5ஐத் தொடவில்லை. அதோடு, டாலரன்ஸ் என்பது கூடவும் குறையவும் வர வேண்டும். எல்லா பிளேட்டும் ஒரே பக்கமாகக் குறைந்தால் அதற்குப் பெயர் டாலரன்ஸ் இல்லை.

எடை பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஏறி நிற்கும் டிஜிட்டல் தராசு சிறிய எடையைத் துல்லியமாகக் காட்டாது. அதனால் பிளேட்டைத் தராசின் மேல் வைக்காதீர்கள். வெறுமனே ஏறி நின்று ஒரு எடை, பிளேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி நின்று ஒரு எடை, இரண்டையும் கழித்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்லது, பயணப் பெட்டியைத் தூக்கி நிறுக்கும் கொக்கித் தராசு. பிளேட்டின் ஓட்டைக்குள் கயிறு விட்டுத் தொங்கவிட்டால் போதும். தராசே சரியா என்று பார்க்க, மூடி போட்ட வாளியை முதலில் வெறுமனே நிறுத்துவிட்டு, அளந்து பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி மறுபடி நிறுங்கள். பத்து கிலோ கூடுதலாகக் காட்ட வேண்டும். இந்தச் சோதனையையும் வீடியோவில் சேர்த்துவிட்டால், பிற்பாடு “உங்க தராசு தப்பு” என்று சொல்ல இடமிருக்காது.

அடுத்து, பிளேட்டுக்குள் என்ன இருக்கிறது. விளம்பரத்தில் “ரப்பர் கோட்டட் இரும்பு”. வந்தது, பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிமென்ட் கலவை. காந்தம் ஒட்டவில்லை. ரப்பர் தடிமனாக இருந்தால் நல்ல இரும்பு பிளேட்டிலும் காந்தம் லேசாகத்தான் பிடிக்கும், ஆகவே காந்தத்தை மட்டும் நம்பாமல் தடிமனை அளந்துவிடுங்கள். வார்ப்பிரும்பு லிட்டருக்கு ஏறத்தாழ 7.2 கிலோ, கான்கிரீட் சுமார் 2.4 கிலோ. அதே எடைக்குக் கான்கிரீட் மூன்று மடங்கு இடம் பிடிக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள 10 கிலோ பிளேட் இரும்பாக இருந்தால் தடிமன் சுமார் 2 செ.மீ. வரும். இங்கே வந்தது 6 செ.மீ.

தடிமன் கூடினால் என்ன என்று நினைக்கலாம். ராடின் முனையில் பிளேட் மாட்ட இருக்கும் இடம் 20 செ.மீ. பத்து கிலோ ஒன்று, ஐந்து கிலோ ஒன்று, இரண்டரை கிலோ இரண்டு என்று ஒரு பக்கத்துக்கு உரியதை மாட்டினால் 6, 4.5, 3.5, 3.5, மொத்தம் 17.5 செ.மீ. போய்விடுகிறது. நட்டுக்கு 3 செ.மீ. வேண்டும். மிச்சம் இருப்பதோ 2.5. அதாவது செட்டோடு வந்த பிளேட்டுகளையே முழுதாக மாட்டி நட்டை முழுசாக முடுக்க முடியாது. பிற்காலத்தில் எடை கூட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கலவை உள்ளே சரியாக நிரம்பாமல் வெற்றிடம் விட்டிருப்பதால்தான் ஒவ்வொரு பிளேட்டும் ஒவ்வொரு எடை காட்டுகிறது. கூட்டின் ஒட்டுத்தையல் ஒருமுறை விரிசல் விட்டால் மாவாகக் கொட்டி, இருக்கிற எடையும் குறையும்.

ராடு. “28 மி.மீ. சாலிட்” என்று போட்டிருந்தார்கள். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியில் 28 சரியாகக் காட்டியது. ஆனால் 28 மி.மீ. கெட்டி உருக்குக் கம்பி மீட்டருக்கு 4.8 கிலோ இருக்க வேண்டும். ஐந்தடி ராடு என்றால் 7.4 கிலோ. வந்த ராடு 2.8 கிலோ. முனையில் ஒட்டியிருந்த மூடியைக் கத்தி நுனியால் நெம்பியதும் விஷயம் வெளியே வந்தது: 3 மி.மீ. சுவருள்ள குழாய். குரோம் பூச்சுக்குக் கீழே குழாயா கம்பியா என்று கண்ணுக்குத் தெரியாது, எடைக்குத் தெரியும். 25 மி.மீ. கம்பியானால் மீட்டருக்கு 3.85 கிலோ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழாய் ராடு நடுவில் வளைவது அவ்வளவு சீக்கிரம் நடக்காது. ஆபத்து இருப்பது முனையில், மரை வெட்டிய இடத்தில். 3 மி.மீ. சுவரில் 2 மி.மீ. ஆழத்துக்கு மரை வெட்டினால் மிச்சம் 1 மி.மீ. பிளேட்டின் பாரம் முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறை தரையில் சற்று வேகமாக இறக்கினால் மரையின் பள்ளத்திலிருந்து விரிசல் தொடங்கும். வெளியில் பார்த்தால் மெல்லிய கோடு மாதிரி தெரியும். அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் அந்த ராடை அன்றோடு ஒதுக்கிவிடுங்கள்.

டம்பெல் நட்டிலும் கோளாறு. பிளேட்டின் ஓட்டை 31 மி.மீ., டம்பெல் ராடு 25 மி.மீ. ஆறு மி.மீ. இடைவெளியில் பிளேட் ஆடிக்கொண்டே சுற்றும். சுற்றும்போது நட்டையும் சேர்த்துத் திருப்பும். நட்டுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இரண்டில் இல்லவே இல்லை. அந்த வளையம்தான் நட்டைப் பிடித்து நிறுத்துவது. அது இல்லாமல் முகத்துக்கு மேலே டம்பெல் பிரஸ் செய்வது மிகவும் அபாயம்.

நட்டு முடுக்கும் தொல்லையே வேண்டாம் என்று, டயலைத் திருப்பி எடை மாற்றும் டம்பெல் பக்கம் போகிறவர்களும் விசாரித்துவிட்டுப் போங்கள். 2025 ஜூனில் போஃப்ளெக்ஸ் என்ற பிராண்டின் 552, 1090 டம்பெல் மாடல்களை, பயன்படுத்தும்போதே பிளேட் கழன்று விழலாம் என்பதற்காக, அமெரிக்காவில் மட்டும் சுமார் 38 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெற அறிவித்தார்கள். பழைய டயல் டம்பெல் வாங்கும்முன் மாடல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரம் மாட்டிய ராடைத் தாங்கி நிற்க வேண்டிய ஸ்குவாட் ஸ்டாண்டுக்கு வருகிறேன். உயிருக்கு உலை வைப்பது இதுதான். “50க்கு 50, 2 மி.மீ. ஹெவி டியூட்டி பைப்” என்றார்கள். அந்த அளவுச் சதுரக் குழாய் மீட்டருக்கு 3 கிலோ வர வேண்டும். ஒன்றரை மீட்டர் தூண் என்றால் 4.5 கிலோ. ஓட்டைகளுக்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். நிறுத்துப் பார்த்தால் 2.8 கிலோ. அது 1.2 மி.மீ. குழாயின் எடை. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வெட்டு முனையில் வெர்னியர் வைத்தாலும் அதேதான். அளக்கும்போது பிசிறு இல்லாத இடத்தில் வையுங்கள். பெயின்ட் பூச்சே 0.1 மி.மீ. வரை சேர்த்துக் காட்டும்.

மெல்லிய குழாய் என்றால் தூண் நசுங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் தூக்கும் எடைக்கு அது நசுங்காது. கெடுவது இணைப்புகள். போல்ட்டை முடுக்கும்போது 1.2 மி.மீ. சுவர் உள்வாங்கிக் குழிகிறது. முடுக்க முடுக்கக் குழிவதால் இறுக்கம் நிற்பதே இல்லை, ஆட்டம் தொடர்கிறது. போல்ட்டும் 8 மி.மீ., தலையில் வலிமைத் தரத்தைச் சொல்லும் 8.8 என்ற குறி எதுவும் இல்லை, நட்டு தளராமல் பிடிக்கும் நைலான் வளையமும் இல்லை. வெல்டிங் சுற்றிலும் ஓடாமல் இரண்டு இடத்தில் பொட்டு வைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். விரல் நகத்தை மூலையில் ஓட்டினால் இடைவெளி தட்டுப்படும்.

இன்னொன்று, இரண்டு தூண்களும் தனித்தனி. இடையில் குறுக்குக் கம்பி இல்லை. ஸ்குவாட் முடித்துக் களைத்துப்போய் ராடை வைக்கும்போது யாருமே முன்னோக்கித் தள்ளித்தான் வைப்பார்கள். ஒரு பக்கம் முதலில் தொட்டால் அந்தத் தூண் மட்டும் சாயும். கீழே பிடிக்கும் பாதுகாப்புக் கைகள் விளம்பரப் படத்தில் இருந்தன, பெட்டியில் இல்லை. கேட்டதற்கு, “படம் மாதிரிக்காக மட்டும்” என்று தட்டிக்கழித்தார்கள்.

இதற்கெல்லாம் மேலாக, செட்டில் வந்த ராடு செட்டில் வந்த ஸ்டாண்டில் உட்காரவே இல்லை. பிளேட் உள்ளே நகராமல் தடுக்க ராடில் இருக்கும் இரண்டு வளையங்களுக்கு இடையே 108 செ.மீ. ஸ்டாண்டின் கொக்கிகளுக்கு இடையே 112 செ.மீ., குறைக்க வழியில்லை. பிளேட் மாட்டினால் கொக்கியில் வைக்க இடமே கிடையாது. போட்டிகளில் பயன்படும் முழு நீள ராடான ஒலிம்பிக் பாரில் இந்த உள்ளிடைவெளி 131 செ.மீ. ரேக்குகளை, அதாவது இந்த மாதிரி ஸ்டாண்டுகளை, அந்த அளவுக்கு ஏற்பச் செய்துவிட்டு, ஐந்தடி ராடோடு சேர்த்துத் தலையில் கட்டிவிடுகிறார்கள். இட நெருக்கடிக்காகச் சிறிய ராடு எடுப்பவர்கள் இந்த ஒரு அளவை எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

பெஞ்ச் “300 கிலோ தாங்கும்” என்றது. படுப்பவரின் எடையும் சேர்த்துத்தான் அந்த எண், அதுவும் அசையாமல் வைத்த பாரத்துக்கு. மெத்தையின் அகலம் 22 செ.மீ. தோள்பட்டை எலும்பு இரண்டும் வெளியே தொங்குகின்றன. பவர்லிஃப்டிங் விதிகளில் பெஞ்ச் அகலம் 29 முதல் 32 செ.மீ., உயரம் 42 முதல் 45 செ.மீ. வீட்டுக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மெத்தைக்குக் கீழே ரெக்சினைக் கொஞ்சம் விலக்கினால் மரத்தூள் பலகை. அதில் அடித்த நட்டு, முதல் இறுக்கத்திலேயே பிடுங்கிக்கொண்டு வந்தது. பிளைவுட்டாக இருந்தால் பிடித்திருக்கும்.

பணம் திரும்பக் கேட்டபோது வந்த பதில்கள் வரிசையாக: பெட்டி பிரித்தாகிவிட்டது, மாட்டிப் பார்த்ததால் போல்ட் தடம் விழுந்துவிட்டது, ஆகவே பயன்படுத்திய பொருள், கனமான பொருளுக்குத் திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது, வாரண்டி ஃபிரேமுக்கு மட்டும், குஷன், ராடு, பிளேட்டுக்குக் கிடையாது. வழியை அடைப்பதற்கென்றே எழுதிவைத்த நிபந்தனைகள் இவை. அதனால் பெட்டியின் லேபிள் தெரிய, இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுத்தபடியே பிரியுங்கள். எதையும் மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நிறுத்து, அளந்து, விளம்பரப் பக்கத்தின் படத்தோடு சேர்த்து அன்றே எழுத்தில் புகார் அனுப்புங்கள். அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். தள்ளுபடி தருகிறேன், நேரடியாகப் பணம் அனுப்புங்கள் என்றால் மறுத்துவிடுங்கள்.

காம்போ என்ற பேச்சையே விட்டுவிட்டு, தனித்தனியாக வாங்குவதுதான் நல்லது. எடை முத்திரை வார்ப்பிலேயே விழுந்த வெறும் இரும்பு பிளேட், கெட்டிக் கம்பி ராடு, பாதுகாப்புக் கைகளோடு ஒன்றாக இணைந்த ரேக், ஆடாத தட்டைப் பெஞ்ச். பிளேட் பழையதாக வாங்கினாலும் கேடில்லை, துரு சுரண்டினால் போய்விடும். பழைய ராடை மட்டும் சமதளத்தில் உருட்டிப் பாருங்கள், நடுப்பகுதி ஏறி இறங்கினால் வேண்டாம். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி கட்டாயம் எடுங்கள். காம்போக்களில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் 5 கிலோ ஏற்ற வேண்டிவரும், தோள் பிரஸ்ஸில் அது முடியாத காரியம். தரைக்கு ரப்பர் பாய் போடுங்கள். புதிர்த் துண்டுகள் மாதிரி கோத்துப்போடும் நுரை விரிப்பு பாரத்தில் அமுங்கி, கால் நிலைக்காது.

இந்த மாதிரி செட் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது, திருப்பவும் வழியில்லை என்பவர்களுக்கு: பிளேட்டுகளை நிறுத்து, உண்மையான எடையை மார்க்கரால் அதன் மேலேயே எழுதி, நெருங்கிய எடைகளை ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். டம்பெல் ராடு கெட்டியானது என்று எடையில் உறுதியானால், ரப்பர் வளையமுள்ள நட்டு தனியாக வாங்கிப் போட்டு ரோயிங், கர்ல் செய்யலாம். பெஞ்சின் பலகையை 18 மி.மீ. பிளைவுட்டாக மாற்றிவிட்டால், பெஞ்சிலும் பொட்டு வெல்டிங் இருந்தால் அதை ஒரு வெல்டரிடம் காட்டிச் சுற்றிலும் ஓட்டிவிட்டால், உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளுக்கு உதவும். குழாய் ராடைத் தரையிலிருந்து தூக்கும் இலகுவான பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ராடுக்கும் அந்த ஸ்டாண்டுக்கும் அடியில் யாரும் படுக்கவோ, தோளில் ஏற்றி உட்காரவோ வேண்டாம்.