தேதி போட்ட டைரி: எழுதுகிறவர்களுக்குத் தேறுமா?

டிசம்பர் பிறந்ததும் நாகர்கோவில் ஸ்டேஷனரி கடைகளில் ‘நாளுக்கு ஒரு பக்கம்’ டைரிகள் வந்து குவியும். இந்த வருடமாவது நாவலை முடித்துவிட வேண்டும் என்று வாங்கிப் போகிறவர்கள் நிறைய. எழுத்து வேலைக்கு இது தேறும். அச்சடித்த தேதியை மதிக்காமல் இருந்தால்.

முதலில் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கலாம். ஏ5 அளவு (148 × 210 மி.மீ.) பக்கத்தில் சுமார் 24 வரி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கையெழுத்தில் வரிக்கு ஐந்துதான் நிற்கும். பக்கத்துக்கு 120 சொல், 365 பக்கத்துக்கு 43,800. சில டைரிகளில் சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பக்கம் என்பதால் இன்னும் குறையும். ஒரு நாள் விடாமல் எழுதினாலும் ஐம்பதாயிரம் சொல் நாவல் இதில் அடங்காது.

பெரிய கோளாறு தேதிதான். ஜனவரி பாதியில் இரண்டு பக்கம் வெறுமையாக விழும். மறுநாள் மூன்று பக்கம் எழுதி ஈடுகட்டப் பார்ப்பார்கள், முடியாது. பிப்ரவரியில் பால் கணக்கு அதில் ஏறிவிடும். விட்ட நாளின் பாக்கியை அடுத்த நாள் தலையில் ஏற்றினால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே தேதியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, மூலையில் கையாலேயே பக்க எண் போடுங்கள். எழுதிய நாளை மட்டும் சின்னதாகக் குறித்தால் போதும். இலக்கு வாரத்துக்குத்தான்: ஐந்து நாள், நாளுக்கு 300 சொல், வாரம் 1,500. ஆறாம் நாள் விட்டதைப் பிடிக்க, ஏழாம் நாள் சும்மா இருக்க. டைரியின் முன்பக்கத்தில் வரும் மாதத் திட்டக் கட்டங்கள்தான் இதில் உருப்படியான பகுதி. அன்றன்றைய சொல் எண்ணிக்கையை அதில் எழுதி, சனிக்கிழமை கூட்டிப் பாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து 1,000 தாண்டவில்லை என்றால் இலக்கை 1,000 ஆக்குங்கள். பேனாவை மாற்றிப் பயனில்லை.

வருட இலக்கும் வேண்டாம். நாஞ்சில்நாட்டு வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல், விளைகிற மாதிரி, அரை வருடத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளலாம். முதல் பூ தவறினாலும் இரண்டாவது கையில் இருக்கும். அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய நானோரைமோ என்ற நாவல் எழுதும் சவால், நவம்பர் ஒரே மாதத்தில் 50,000 சொல் கேட்டது, அதாவது நாளுக்கு 1,667. அதை நடத்திய அமைப்பே 2025-இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. அதே விஷயத்தைச் சொல்லத் தமிழுக்குக் குறைவான சொற்கள் போதும் என்பதால், அந்த எண்ணை அப்படியே இங்கே எடுப்பது தேவையில்லாத தண்டனை.

தாள் விஷயத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் இங்கே உண்டு. காற்றின் ஈரத்தைத் தாள் உறிஞ்சும்போது மைப் பேனா எழுத்து இழை பிரிந்து பரவும், மறுபக்கமும் தெரியும். 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம் எடை) தாள் என்றால் பால்பாயிண்ட்தான் சரி. மைப் பேனாக்காரர்கள் 80-க்குக் கீழே வாங்க வேண்டாம். ரெக்சின் அட்டையில் பூசணம் பிடிக்கும். சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல் காற்றாட வையுங்கள்.

கடையிலேயே நடுப்பக்கத்தை விரித்து மேசையில் வையுங்கள். தட்டையாகக் கிடந்தால் தையல் பைண்டிங். தானாக மூடிக்கொண்டால் வெறும் பசை ஒட்டு. அழுத்தி அழுத்தி எழுதும்போது தாள் தாளாகக் கழன்று வரும். முதுகை மேலிருந்து பார்த்தாலும் தெரியும், தைத்ததில் தாள்கள் மடித்த கட்டுகளாக இருக்கும்.

தேதியை எப்படியும் அடிக்கப் போகிறோம் என்பதால் பிப்ரவரி வரை பொறுத்து, விலை இறங்கியதும் வாங்குவது புத்திசாலித்தனம். கைபேசியிலோ கணினியிலோ தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்த டைரியே தேவையில்லை. சொல் கணக்கு எழுத ஒரு கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு போதும்.