44ஏடியா, முழுக் கணக்கா? லாபம் ஏறி இறங்கும் கடைக்கு எது?

சொந்தப் பெயரில் கடை நடத்துபவர் வருமான வரி ரிட்டர்ன் போட இரண்டு வழி உண்டு. விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று சொல்லி ஐடிஆர்-4 போட்டு முடிப்பது ஒன்று, இதுதான் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு. கொள்முதல், செலவு, ஸ்டாக், பேலன்ஸ் ஷீட் எல்லாம் எழுதி ஐடிஆர்-3 போடுவது இன்னொன்று. ஈரோட்டில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் நான் ஆரம்பத்திலிருந்தே இரண்டாவது வழி. மச்சான் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் வைத்திருக்கிறார், அவர் முதல் வழி. நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 44ஏடி சுலபம், ஆடிட்டர் ஃபீஸும் குறைவு. முன்கூட்டிய வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டினால் போதும்; முழுக் கணக்குக்காரர் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தடவை கட்ட வேண்டும். ஜிஎஸ்டி பில் போடும் வேலை இரண்டிலும் ஒன்றேதான். ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பியில் காட்டிய விற்பனையும் வருமான வரி ரிட்டர்னில் காட்டும் விற்பனையும் ஒத்துப்போக வேண்டியதும் இருவருக்கும் பொது.

இப்போது என் கடைக் கதை. ஒயர்தான் பெரிய சரக்கு. தாமிர விலை ஏறினால் பழைய ஸ்டாக்கில் நல்ல காசு. இறங்கினால் அதிக விலைக்கு வாங்கிய ஒயர் காயிலை இறங்கிய விலைக்கே விற்றாக வேண்டும். ஒரு வருடம் லாபம் 8 சதவீதம் நிற்கும், அடுத்த வருடம் 4.

விற்றுமுதல் 2.5 கோடி என்று வைத்துக்கொள்வோம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 44ஏடியை 3 கோடி வரை எடுக்கலாம், தாண்டினால் 2 கோடிதான் வரம்பு. பேங்க் வழியாக, யுபிஐயில் வந்த பணத்துக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8. எல்லாமே பேங்கில் வந்ததாக எடுத்தால் லாபம் 15 லட்சம். 2025-26க்கான புதிய வரி முறை விகிதத்தில் வரி, செஸ் சேர்த்து 1,09,200 ரூபாய். மோசமான வருடத்தில் கையில் நின்றது 4 சதவீதம், அதாவது 10 லட்சம்தான். முழுக் கணக்கில் அதைக் காட்டினால், 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். நல்ல வருடத்தில் கதை தலைகீழ்: 8 சதவீதம் என்றால் 20 லட்சம், வரி 2,08,000. அதற்காக 44ஏடியில் 6 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். உண்மையில் சம்பாதித்தது அதிகம் என்றால் அந்த அதிகத் தொகையைக் காட்டச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

சரி, மோசமான வருடத்தில் மட்டும் கணக்கு, மற்ற வருடம் 44ஏடி என்று மாற்றிக்கொள்ளலாமே என்றால், முடியாது. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான். 44ஏடியில் ஒரு வருடம் நுழைந்தால் அடுத்த ஐந்து வருடமும் அதிலேயே இருக்க வேண்டும். 2023-24இல் நுழைந்த ஒருவர் 2025-26இல் லாபம் குறைவு என்று வெளியே வந்தால், 2026-27 முதல் 2030-31 வரை திரும்ப உள்ளே போக முடியாது. அது போகட்டும். வெளியே வந்த வருடத்திலிருந்தே, மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்கை ஆடிட் செய்தாக வேண்டும். அந்த வரம்பு புதிய முறையில் 4 லட்சம். 12 லட்சம் என்பது தள்ளுபடிக்கான எல்லை. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். 10 லட்சம் வருமானம், வரி ஒரு ரூபாய்கூட இல்லை, ஆனாலும் ஆடிட் உண்டு. வீட்டு வாடகை, டெபாசிட் வட்டி எல்லாம் சேர்த்துத்தான் அந்த 4 லட்சத்தைப் பார்ப்பார்கள். 2025-26 கணக்கை ஆடிட் செய்யாமல் விட்டால் அபராதம் விற்றுமுதலில் அரை சதவீதம், அதிகபட்சம் 1.5 லட்சம், 2.5 கோடிக்கு 1,25,000 ஆகிறது.

44ஏடி பக்கமே போகாதவருக்கு இந்த வம்பு கிடையாது. ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி விற்றுமுதல் வரை ஆடிட் வேண்டாம். தாண்டினால் ஒரு கோடியிலேயே ஆடிட் வந்துவிடும். அதனால் முதல் வருடம் யோசிக்காமல் ஐடிஆர்-4 போடுவதுதான் ஆபத்து. நஷ்டத்தையும் மறக்க வேண்டாம்: கணக்கு எழுதி, கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால் எட்டு வருடம் வரை முன்னுக்குக் கொண்டுபோகலாம். 44ஏடியில் நஷ்டம் என்ற பேச்சே இல்லை.

முழுக் கணக்கு வேலை வாங்கும், மறுக்கவில்லை. வரவு பேங்கில் வந்துவிடும். செலவில்தான் ரொக்கம் ஒழுகும். லோடுமேன் கூலி, ஆட்டோ வாடகை, டீ, பூ. கல்லாவிலிருந்து எடுக்கும்போதே துண்டுச் சீட்டில் தேதி, பெயர், எதற்கு என்று எழுதிக் கம்பியில் குத்தி வைப்போம். ராத்திரி டேலி கணக்கு சாஃப்ட்வேரில் ஏறும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவையே ஏற்க மாட்டார்கள். மார்ச் 31 ஸ்டாக் எடுப்பது இன்னும் பாடு. 90 மீட்டர் முழுக் காயில் பிரச்சினையில்லை. வெட்டி விற்றதில் மிஞ்சியதை அளந்து, பிராண்டு, சைஸ் வாரியாக எழுத வேண்டும். இந்தப் பட்டியல் தப்பானால் லாபமும் தப்பு.

பதிலுக்குக் கிடைப்பது: பேங்கில் சிசி லிமிட் (கடைக்கான கேஷ் கிரெடிட் கடன் வரம்பு) புதுப்பிக்கப் போகும்போது பேலன்ஸ் ஷீட் தயாராக இருக்கிறது. இதில் என் அனுபவம் ஒரே பேங்கோடுதான். மற்ற இடத்தில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மச்சானுக்கு 44ஏடிதான் சரி என்று நானே சொல்வேன். விற்றுமுதல் 55 லட்சம், பாதி ரொக்கம், லாபம் எப்போதும் 8 சதவீதத்துக்கு மேல். "எனக்கு நோட்டுப் போட்டு எழுத ஏது மாப்ள நேரம்?" என்பார். அவர் 8 லட்சம் காட்டுகிறார். 12 லட்சம் வரை வரி இல்லாதபோது குறைத்துக் காட்டி ஆகப்போவது என்ன? வீட்டுக் கடனுக்குப் போனால் இந்த ரிட்டர்னைத்தான் நீட்ட வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால், இனி வரும் வருடங்களுக்கு 44ஏடி என்பது 58ஆம் பிரிவு. 6, 8 சதவீதக் கணக்கு அப்படியே இருக்கிறது. கூட்டு வியாபாரமாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அந்த 6, 8 சதவீத லாபத்திலிருந்து பங்குதாரர் சம்பளத்தையும் வட்டியையும் கழிக்க விடமாட்டார்கள். எல்எல்பி என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனத்துக்கு இந்த வழியே கிடையாது. கமிஷன், தரகு வருமானத்துக்கும் அப்படியே.